சாம்பார் வாளியோடு நடக்க எந்த ஷூ?

ஹோட்டலில் சப்ளையர் வழுக்கும் இடத்தைத் தேடி அலைய வேண்டாம். கிச்சன் கதவைத் தாண்டி ஹாலுக்குள் வைக்கும் முதல் இரண்டு மூன்று அடிதான். உள்ளே தோசைக்கல் பக்கம் மிதித்த எண்ணெய் அடியில் ஒட்டியிருக்கும். வெளியே விட்ரிஃபைடு டைல்ஸ், அதிலும் சோப்புத் தண்ணீரில் மாப் போட்ட ஈரம் காய்ந்திருக்காது. கையில் சாம்பார் வாளி. அந்த மூன்று அடியைக் கடக்க உதவாத ஷூ எவ்வளவு சொகுசாக இருந்தாலும் இந்த வேலைக்கு ஆகாது.

மூன்று வகை ஷூக்களை நண்பரின் ஹோட்டலில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாட்டிக்கொண்டு பரிமாறிப் பார்த்தேன். அதற்கு முன், வாங்கவே கூடாதது எது என்று சொல்லிவிடுகிறேன். யூனிஃபார்முக்குப் பொருத்தம் என்று முதலாளிகள் விரும்பும் விலை மலிந்த கறுப்பு ஃபார்மல் ஷூதான் அது. அடி கெட்டியான பிவிசி. காய்ந்த தரையில் டக் டக்கென்று நடக்கலாம். ஈரம் பட்டதும் பிடி போய்விடும். ஓட்டப் பயிற்சிக்கான ஸ்போர்ட்ஸ் ஷூவை நம்பியும் பயனில்லை. அடியில் பெரிய பெரிய கட்டைகள் வைத்த மாடல்கள் மண் தரைக்கானவை. டைல்ஸில் அவை தரையைத் தொடும் பரப்பே குறைவு.

ஷூவுக்கும் தரைக்கும் நடுவே எண்ணெயோ தண்ணீரோ மெல்லிய படலமாக மாட்டிக்கொள்வதால்தான் வழுக்குகிறது. நல்ல அடியில் சின்னச் சின்னக் கட்டங்கள் நெருக்கமாக இருக்கும். நடுவே வாய்க்கால்கள் ஓடும். மிதித்ததும் திரவம் அந்த வாய்க்காலில் ஒதுங்க, ரப்பர் தரையைப் பிடிக்கும். கடையில் ஷூவைக் கையில் வாங்கியதும் திருப்பிப் பாருங்கள். வாய்க்கால்கள் ஓரம் வரை திறந்திருக்க வேண்டும். சுற்றிலும் கரை கட்டி அடைத்திருந்தால் எண்ணெய் எங்கே போகும்? நகத்தால் அழுத்தினால் ரப்பர் கொஞ்சம் அமுங்க வேண்டும். நைட்ரைல் ரப்பர் என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது, எண்ணெயில் சீக்கிரம் கெடாது.

முதலில் கிளாக் வகை. க்ராக்ஸ் பிஸ்ட்ரோ இதற்கு நல்ல உதாரணம். வழக்கமான க்ராக்ஸ்போல மேலே ஓட்டைகள் இல்லை. ரசம் சிந்தினால் விரலில் நேரே படாது. இரவு குழாயடியில் காட்டிக் கழுவினால் போதும். அகலப் பாதக்காரர்களுக்கு வரம். ஆனால் ஓட்டை இல்லாத எந்தக் கிளாக்கிலும் காற்றுப் போகாது. நம் ஊர் வெயிலில் சாக்ஸ் நனைந்துவிடும். பின்னால் வெறும் பட்டை என்பதால் மாடி ஹாலுக்குப் படியேறும்போது குதிகால் ஆடுகிறது.

அடுத்து, ஸ்கெச்சர்ஸ் வொர்க் வரிசைபோல, பார்வைக்கு ஸ்னீக்கராக இருக்கும் வேலை ஷூக்கள். ஏசி ரெஸ்டாரண்டில் கேப்டன் போட்டாலும் உறுத்தாது. இந்த வகையில் மெமரி ஃபோம் இருந்தால் கடையில் நின்று பார்க்கும்போது ஆளை மயக்கிவிடும். மயங்காதீர்கள். மெத்தென்ற ஃபோம் நாள் முழுக்க மிதிபட்டால் தட்டையாகிவிடும். டபுள் டியூட்டி பார்ப்பவருக்குப் பாதத்தின் வளைவைத் தாங்கும் கொஞ்சம் கெட்டியான இன்சோல்தான் சரி.

என் ஓட்டு மூன்றாவதற்கு. சேஃப்டி ஷூ கம்பெனிகள் விற்கும், இரும்பு முனை இல்லாத கறுப்பு ஷூ. சப்ளையர் காலில் எதுவும் விழப்போவதில்லை, இரும்பு வீண் கனம். பெட்டியில் ஐஎஸ்ஓ 20347 அல்லது ஐஎஸ் 15298 பகுதி 4 என்று இருக்கிறதா பாருங்கள். புதிதில் விறைப்பாக இருக்கும், பழகிவிடும். கதவடியில் வாளியோடு திரும்பும்போது இதில்தான் எனக்குக் கால் நின்றது.

வழுக்காது என்பதற்கு அடையாளமாகப் போடும் எஸ்ஆர்சி என்ற குறியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். சோப்பு நீர் விட்ட டைல்ஸ், கிளிசரின் விட்ட எஃகுத் தகடு இரண்டிலும் தேறியது என்று அதற்கு அர்த்தம். ஆனால் எஃகில் குதிகாலுக்கான பாஸ் மார்க் வெறும் 0.13 உராய்வு எண்தான், டைல்ஸில் 0.28. பாஸான ஷூக்களுக்குள்ளேயே வித்தியாசம் நிறைய. 2021-இல் திருத்திய ஐஎஸ்ஓ 20347 தரத்தில் அந்தக் குறி போய் எஸ்ஆர் வந்துவிட்டது.

மாலையில் போய் வாங்குங்கள். கால் வீங்கியிருக்கும், அளவு பொய் சொல்லாது. வேலைக்குப் போடும் சாக்ஸையே கொண்டுபோங்கள். எப்போது மாற்றுவது? அடியில் வழவழவென்று தேய்ந்த இடம் பென்சில் செல்லின் அடிப்பாகத்தைவிடப் பெரிதானால் தூக்கிப்போடலாம் என்பது பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தரும் கணக்கு.

செலவு யாருடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் 226 பள்ளி மாவட்டங்களில் சுமார் 17,000 உணவுக்கூடப் பணியாளர்களை வைத்து நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. உயர்தர வழுக்காத ஷூவை இலவசமாகக் கொடுத்த இடங்களில், வழுக்கிக் காயப்பட்டதற்கான இழப்பீட்டுக் கோரிக்கைகள் 67 சதவீதம் குறைந்தன. முதலாளிமார்களே, அடுத்த முறை யூனிஃபார்ம் தைக்கக் கொடுக்கும்போது ஆளுக்கு ஒரு ஜோடி ஷூவையும் அதே பில்லில் சேருங்கள். சம்பளத்தில் பிடிக்காதீர்கள்.