பெயர் சுட்டப்பட்ட அகம்

‘ஸ்மார்ட் ஹோம்’ சாமான்களைப் பற்றி வெளிவருகிற எழுத்து பெரும்பாலும் எதை வாங்கலாம் என்கிற எழுத்தாகவே இருக்கிறது. எந்தப் பல்புக்கு எத்தனை நிறம், எந்தக் கேமராவுக்கு இருட்டில் கண் தெரியும், எது தள்ளுபடியில் கிடைக்கும் என்று. இதை ஒரு பிரதியாக வைத்து வாசித்தால், அதில் ‘நீங்கள்’ என்று விளிக்கப்படுகிற ஆள் யார் என்பது பிடிபட்டுவிடும். வெளியே போய்த் திரும்புகிறவன், கையில் போன் வைத்திருப்பவன், வீட்டுக்குச் சொந்தக்காரன். வீட்டுக்குள்ளேயே இருப்பவர்கள் ‘குடும்பத்தினர்’ என்று மொத்தமாக வருகிறார்கள். பாதுகாக்கப்பட வேண்டிய டிவி, நகை இவற்றோடு சேர்த்து.

கோயமுத்தூரில் என் அக்கா வீட்டில் இதை இரண்டு வருஷமாகப் பார்த்து வருகிறேன். மச்சானுக்கு பெங்களூரில் வேலை. சனி, ஞாயிறு வருவார். வாசலில் ஒரு கேமரா, ஹாலில் ஒன்று, கெய்சருக்கு 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக், நாலைந்து பல்பு. எல்லாம் அவர் போன் நம்பரில் திறந்த கணக்கில். கொடுமைக்காரர் இல்லை, அக்கறையில் செய்ததுதான். சிக்கலே அங்குதான் இருக்கிறது. ‘கூரியர்காரன்கிட்ட என்ன அவ்வளவு நேரம் பேச்சு?’ என்று சிரித்துக்கொண்டேதான் போனில் கேட்பார். கெய்சர் காலையில் இருபது நிமிஷம் மட்டும் ஓடும்படி நேரம் வைத்திருந்தார். அக்கா எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற அன்று, ஈரத் தலையோடு வந்து பெங்களூருக்கு போன் போட்டு, ‘ஏனுங்க, அதைக் கொஞ்சம் ஆன் பண்ணி விடுங்க’ என்று கேட்க வேண்டியிருந்தது. கெய்சருக்கும் அவளுக்கும் நடுவில் எட்டடி தூரம். அம்மா ஹால் கேமரா மேல் ஒரு துண்டைப் போட்டாள். ‘சும்மா உக்காந்திருக்கறதைக்கூடவா பாப்பாங்க, கண்ணு?’ கொஞ்ச நேரத்தில், கேமரா மறைக்கப்பட்டிருக்கிறது என்று மச்சானின் போனுக்குத் தகவல் போய்விட்டது.

சுவரில் இருந்த பழைய சுவிட்சுக்கு யார் அழுத்துகிறார் என்பது பொருட்டே இல்லை. கை எட்டினால் போதும். புதிய ஏற்பாட்டில் கணக்கின் உரிமையாளர் ஒருவர்; மற்றவர்கள் அவர் அழைத்தால் வருகிற உறுப்பினர்கள். எப்போது எரிந்தது, எப்போது அணைந்தது என்பது நேரத்தோடு பதிவாகிறது. அந்தப் பதிவை அழிக்கிற உரிமையும் உரிமையாளருக்கே.

தமிழ் படித்தவனுக்கு இங்கே தொல்காப்பியம் நினைவுக்கு வராமல் இருக்காது. அகத்திணையில் ஒருவரைப் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது விதி. பெயர் வந்தால் அது புறம். பெயர் மட்டுமல்ல, பெயரைக் காட்டிக்கொடுக்கிற தடயமும் ஆகாது. நெடுநல்வாடையில் பிரிந்திருக்கும் அரசியின் துயர் முழுக்க முழுக்க அகம். ஆனால் வேப்பம்பூ சூட்டிய வேல் என்ற ஒரு தகவல் பாண்டியனைச் சுட்டிவிட்டதால் அதைப் புறம் என்றார் நச்சினார்க்கினியர். வகுப்பில் இதை உரையாசிரியரின் பிடிவாதம் என்று சிரித்திருக்கிறோம். இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேமராவே வேண்டாம், கெய்சர் பதிவு ஒன்று போதும், அக்கா எப்போது எழுந்தாள், எந்த நாள் குளிக்கவில்லை, எப்போது ஊரில் இல்லை என்று சொல்லிவிடும். அது ஒரு வேப்பம்பூ.

நம் கோட்பாட்டாளர்கள் கண்காணிப்பு என்றதும் ஃபூக்கோவின் சிறைக் கோபுரத்துக்கு ஓடிவிடுகிறார்கள். அது இங்கே முழுதாகப் பொருந்தாது. 1990இல் தெல்யூஸ் எழுதிய சிறு கட்டுரையில், கத்தாரி கற்பனை செய்த ஒரு நகரம் வருகிறது. மின் அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும். ஆனால் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில் அதே அட்டை செல்லாமலும் போகலாம். ஈரத் தலையோடு நின்ற அக்காவுக்கு நடந்தது இதுதான். சுவர் இல்லை, காவலாளி இல்லை, அனுமதி மட்டும் இருக்கிறது.

கணக்கின் உரிமையாளருக்கு மேலே இன்னொரு உரிமையாளர் இருப்பதும் தெரிந்ததே. ரிங் கேமராக்களில் பதிவான பெண்களின் படுக்கையறைக் காட்சிகளை ஊழியர் ஒருவரே பார்த்து வந்ததாக அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023இல் குற்றம்சாட்டியது; 58 லட்சம் டாலரில் வழக்கு தீர்ந்தது. ரிவால்வ் என்ற கருவியை வாங்கியவர்களுக்கு 2016 மே மாதம் கம்பெனி சர்வரை மூடியதும் மிஞ்சியது வெறும் டப்பா. மச்சானும் அந்த அளவில் ஒரு விருந்தாளியே. அவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

எல்லாவற்றையும் தூக்கிக் கிணற்றில் போடு என்கிற இயற்கைவாதப் புலம்பலில் எனக்கு நம்பிக்கை இல்லை. அக்கா வீட்டில் உருப்படியான சாமான் ஒன்று உண்டு. அம்மா ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தால் நடையில் தானே எரிகிற சின்ன விளக்கு. உடல் வெப்பத்தின் அசைவை அது உணர்கிறது. அம்மாவா அக்காவா என்று அதற்குத் தெரியாது. கணக்கு கேட்பதில்லை, நெட் கேட்பதில்லை. தொல்காப்பியர் ஒப்புக்கொள்ளக்கூடிய கருவி.

ஆக, எதை வாங்குவது என்பதற்கு நானும் ஏதோ சொல்லத்தான் வேண்டும். ஸ்மார்ட் பல்பை விட சுவிட்சு டப்பாவுக்குள் வைக்கிற மாட்யூல் மேல். சுவரில் கை வைத்தாலும் விளக்கு எரியும். பல்பு என்றால் யாராவது பழக்கத்தில் சுவிட்சை அணைத்ததும் அது செத்த பல்பு. கரண்ட் போய் வந்தாலோ, அமைப்பை மாற்றி வைக்காத பல பல்புகள் நடு ராத்திரியில் பளிச்சென்று எரியும். (பழைய வீடுகளில் பல சுவிட்சு டப்பாக்களில் நியூட்ரல் ஒயர் இருக்காது; எலக்ட்ரீஷியனைக் கேட்காமல் மாட்யூல் வாங்கக் கூடாது.) வெளி சர்வர் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே ஓடுகிற ஏற்பாடுகள் உண்டு, 2013இல் தொடங்கிய ஹோம் அசிஸ்டெண்ட் மாதிரி. அதிலும் நிர்வாகி யார் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கும். வீட்டில் அதிக நேரம் இருப்பவரின் போனில் கணக்கைத் திற என்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

அக்கா கேட்டாள். ‘உனக்கெதுக்கு அந்தத் தலைவலி’ என்றார் மச்சான். மறுவாரம் அவள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கெய்சருக்குப் பழையபடி சிவப்பு லைட் எரிகிற சுவிட்சையே போட வைத்தாள். அவர் வந்து நிற்பதும் போவதும் வாசல் கேமராவில் பதிவாகியிருக்கும். மச்சான் இன்னும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.