சின நாளும் செப்பனியாவின் விளக்கும்

இலத்தீன் வழிபாட்டுப் பாடல்களுள் 'தியேஸ் ஈரே' எனத் தொடங்கும் தொடர்பாடலைப் போல் போற்றப்பட்டதும் தூற்றப்பட்டதும் வேறொன்று இல்லை எனலாம். சின நாள் என்பதே அத்தொடக்கச் சொற்களின் பொருள். அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் வரலாற்றை முதன்முதல் எழுதிய செலானோ தோமாவே இதன் ஆசிரியர் என மரபு கூறும். ஆய்வாளர் பலர் ஐயுறுவர். 1570இல் ஐந்தாம் பத்திநாதர் வெளியிட்ட திருப்பலி நூல், அந்நாளில் பெருகிக் கிடந்த தொடர்பாடல்களை எல்லாம் களைந்து நான்கை மட்டும் நிறுத்திக்கொண்டது. அந்நான்கில் இதுவும் ஒன்று. அதன்பின் நானூறு ஆண்டுகள், குரு கறுப்புத் திருவுடை அணிந்து நின்ற இறந்தோர் திருப்பலிகளில் இது ஒலித்தது. 1970ஆம் ஆண்டுத் திருப்பலி நூலில் இதற்கு இடமில்லாமற் போயிற்று.

நீக்கியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அடக்கச் சடங்கு கிறிஸ்தவ மரணத்தின் பாஸ்கா இயல்பைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு 1963இல் பணித்தது. உயிர்ப்பின் நம்பிக்கையை விட நடுக்கத்தையே மிகுதியாக ஊட்டிய பாடல் அவ்வளவுகோலுக்குமுன் நிற்க இயலவில்லை. அதே ஆண்டுகளில்தான் திருப்புகழ்மாலையிலிருந்து, சாபச் சொற்கள் மிகுந்த 58, 83, 109 ஆகிய மூன்று திருப்பாடல்களும் விடப்பட்டன. இறைச்சினம் நம் வழிபாட்டின் முற்றத்திலிருந்து ஓசையின்றி வெளியேறியது. இப்பாடல் மட்டும் இலத்தீன் திருப்புகழ்மாலையில், திருவழிபாட்டு ஆண்டின் இறுதி வாரமாகிய 34ஆம் வாரத்துக்கு, விரும்புவோர் பாடத்தக்க பாவாக மூன்று கூறாக்கி வைக்கப்பட்டது. நீக்கியோரை நாம் குறை கூறவில்லை. ஆயினும் நீக்கப்பட்டது எது என்பதை ஒருமுறை கூர்ந்து நோக்குவது இலக்கியக் கடன், இறையியல் கடனுங்கூட.

மும்மூன்று அடிகளாலாகிய 17 கண்ணிகளும், யாப்பு மாறி இரண்டிரண்டு அடிகளாக இசையும் ஓர் இறுதிப் பகுதியும் கொண்டது இப்பாடல். முதல் ஆறு கண்ணிகளில் உலகம் சாம்பலாகிறது, எக்காளம் கல்லறைகளை எழுப்புகிறது, ஏடு விரிகிறது, நடுவர் அமர்கிறார். அங்கே 'நான்' இல்லை. 'நீர்' என்னும் விளியும் இல்லை. தொலைவில் நின்று காணும் ஒரு காட்சி அது. ஏழாம் கண்ணியில் திடுமென ஒரு மனிதன், தனக்காகப் பேச எவரை அழைப்பேன் என்று திகைக்கிறான். எட்டாம் கண்ணியில் அவன் நடுவரையே விளிக்கிறான். இந்தத் திருப்பமே பாடலின் உயிர் என்பது நம் கருத்து. பரிந்து பேசுவோரைத் தேடியவன் தீர்ப்பிடுபவரையே தனக்கு வழக்குரைஞராகக் கொள்கிறான்.

அவ்வெட்டாம் கண்ணியில் நடுங்கவைக்கும் மாட்சியைச் சொன்ன கையோடு, மீட்கப்படுவோரை அவர் விலையின்றி மீட்கிறார் என்பதைக் குறிக்கக் 'கிராத்திஸ்' என்ற சொல்லைக் கவிஞர் வைக்கிறார். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 3ஆம் அதிகாரம் 24ஆம் வசனத்தில், மனிதர் கடவுளுக்கு ஏற்புடையவராக்கப்படுவது அருளால், இலவசமாக என்று பவுல் கூறுமிடத்தில் இலத்தீன் விவிலியம் ஆளும் சொல் அதுவே. கடவுளின் நீதியைத் தண்டனைக் கோலாக மட்டும் கண்டவர் அச்சொல்லை அங்கே அமர்த்தியிருக்க இயலாது. பத்தாம் கண்ணியோ இன்னும் ஆழமானது. ஆண்டவர் தன்னைத் தேடிக் களைத்து உட்கார்ந்ததை அம்மனிதன் நினைவூட்டுகிறான். சமாரியாவின் கிணற்றருகே நண்பகலில் களைத்து அமர்ந்த இயேசுவை யோவான் நற்செய்தியின் 4ஆம் அதிகாரம் காட்டுகிறது. நடுவராக அமர்ந்தவரும் களைத்து அமர்ந்தவரும் ஒருவரே. ஆறாம் கண்ணியின் இருக்கையையும் பத்தாம் கண்ணியின் கிணற்று மேட்டையும் சேர்த்து வாசிப்பவர் இதனை வெறும் அச்சப் பாடல் என்று தள்ளமாட்டார். சினம் என்ற சொல் முதலடிக்குப்பின் இப்பாடலில் மீண்டும் வருவதுமில்லை.

இத்துணைச் சிறப்புடைய பாடலிடமும் நமக்கு ஒரு குறை உண்டு. அது இப்பாடலைத் தூற்றியோர் சொன்ன குறை அன்று. சின நாள் என்னும் தொடர் செப்பனியா நூலின் முதல் அதிகாரத்து 15ஆம் வசனத்திலிருந்து வந்தது. யூதாவை யோசியா அரசர் ஆண்ட காலத்தில், கி.மு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இறைவாக்குரைத்தவர் செப்பனியா. அவர் அறிவித்த சினம் காரணமற்ற சினம் அன்று. அதற்கு முகவரி உண்டு. வேற்று நாட்டு உடையில் திரியும் அரசவையினர், வன்முறையாலும் வஞ்சகத்தாலும் தம் தலைவரின் வீட்டை நிரப்புவோர், வெள்ளியை நிறுக்கும் வணிகர், ஆண்டவர் நன்மையும் செய்யார் தீமையும் செய்யார் என்று மண்டியில் உறைந்த மதுவைப்போல் மெத்தனமாய் இருப்போர் ஆகிய இவர்களைத் தேடி ஆண்டவர் எருசலேமைக் கையில் விளக்கோடு துருவுவார் என்கிறார். இடைக்கால ஓவியர் செப்பனியாவின் கையில் விளக்கைக் கொடுத்ததும் இதனாலேதான்.

பாடலாசிரியர் 15ஆம் வசனத்தை எடுத்துக்கொண்டார். 8 முதல் 12 வரையிலான வசனங்களை விட்டுவிட்டார். மறைந்தவை யாவும் வெளிப்படும், கணக்குத் தீர்க்கப்படாதது எதுவும் எஞ்சாது என்பது பாடலிலும் உண்டு. ஆனால் அவ்வெளிச்சம் விழுவது ஒரு தனி ஆன்மாவின் மீது. அவன் என்ன செய்தான், எவரைச் செய்தான் என்ற குறிப்பே இல்லை. சந்தைத் தெருவில் பிடிக்கப்பட்ட விளக்கு பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் கொண்டுவரப்பட்டுவிட்டது. வஞ்சிக்கப்பட்டவனுக்கு ஆறுதலாக இருந்த நாள், வஞ்சித்தவன் வஞ்சிக்கப்பட்டவன் என்ற வேறுபாடின்றி அனைவருக்கும் அச்சமாயிற்று. 1970இல் நாம் இழந்தது அந்த அச்சத்தை மட்டுமே. நீதி அதற்கு ஏழு நூற்றாண்டுகள் முன்னரே பாடலிலிருந்து உதிர்ந்திருந்தது.

இசையமைத்தோரும் இவ்வழியிலேயே சென்றனர். 1791இல் முற்றுப்பெறாத கையெழுத்துப் படியை விட்டு மறைந்த மொசார்ட்டும், 1874இல் எழுத்தாளர் மன்சோனியின் நினைவாகத் தம் படைப்பை மிலான் நகரில் அரங்கேற்றிய வெர்தியும் அந்நடுக்கத்தை எல்லையற்ற ஆற்றலோடு இசையாக்கினர். கபிரியேல் ஃபோரே, 1888இல் பாரிசில் முதன்முதல் பாடப்பெற்ற தம் இசையில், இத்தொடர்பாடலின் கடைசி வேண்டுதலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை முழுவதும் விட்டுவிட்டார். திருச்சபை பின்னாளில் செய்ததை அவர் எண்பது ஆண்டுகள் முந்திச் செய்தார். இனிமையான இசைதான், ஆயினும் கொலையுண்டவனின் தாய் அதில் தன் குரலைக் கேட்பாளா என்பது ஐயமே.

இவ்வையம் நம் பங்குகளுக்கும் உரியது. முதிர்ந்து, உறவினர் சூழ, நோயிற்பூசுதல் பெற்று இறந்தவருக்கும், கழிவுநீர்க் குழியில் இறக்கிவிடப்பட்டு மூச்சடைத்து இறந்த இளைஞனுக்கும் நாம் ஒரே பாடல்களைப் பாடுகிறோம். இளைப்பாற்றி வேண்டுகிறோம். பொருத்தமே. ஆனால் இரண்டாம் பெட்டியின் அருகே நிற்பவர்களின் நெஞ்சில் எழும் சினத்திற்கு நம் சடங்கில் ஒரு சொல்லும் இல்லை. அச்சினத்தில் கடவுளுக்குப் பங்கு உண்டா என்ற அவர்களது கேள்விக்கும் விடை இல்லை. சினமே கொள்ளாத கடவுள் அவர்களுக்குக் கனிவானவராகத் தோன்றுவார் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். எவர் வீழ்ந்தாலும் பொருட்படுத்தாதவராகவே அவர்களுக்குத் தோன்றக்கூடும். செப்பனியா கண்டித்த மெத்தனர் கூறியதும் அதுதான்.

பழைய பாடலை மீண்டும் கொணர்க என்பது நம் வேண்டுகோள் அன்று. அதன் வேர்நூல் நம் கையிலேயே இருக்கிறது. அந்நூலில் சினம் தனியே நிற்பதில்லை. அரசு அலுவலர் கர்ச்சிக்கும் சிங்கங்கள், நீதிபதிகள் மாலைவேளை ஓநாய்கள் என்று கூறிய உடனேயே, அந்நகரின் நடுவில் ஆண்டவர் நீதியுள்ளவராய் இருந்து காலைதோறும் தம் நீதியை வெளிப்படுத்துகிறார் என்கிறார் இறைவாக்கினர். சினத்தில் தொடங்கிய நூல், மக்களைக் குறித்து ஆண்டவரே மகிழ்ந்து பாடுவதில் முடிகிறது. ஓநாய்களை அகற்றாமல் அந்தப் பாட்டு எழுவதில்லை. எசாயா நூலின் பிற்பகுதியில் நீதியும் மீட்பும் ஒன்றுக்கொன்று இணையாகத் திரும்பத் திரும்ப வருவதையும் இங்கே நினைக்கலாம்.

பொதுக்காலம் 4ஆம் ஞாயிறு, முதல் ஆண்டின் முதல் வாசகம் இந்நூலிலிருந்தே எடுக்கப்பட்டுள்ளது: 2ஆம் அதிகாரத்தின் 3ஆம் வசனமும், 3ஆம் அதிகாரத்தின் 12, 13ஆம் வசனங்களும். நீதியையும் மனத்தாழ்மையையும் தேடுவோருக்கு ஆண்டவரது சினத்தின் நாளில் ஒருவேளை புகலிடம் கிட்டலாம் என்பது அதன் தொடக்கம். நகரில் விட்டுவைக்கப்படும் ஏழை எளிய மக்கள் அதன் முடிவு. அதே திருப்பலியின் நற்செய்தி மத்தேயு 5ஆம் அதிகாரத்தின் பேறுபெற்றோர் பகுதி. வாசகத் திட்டத்தை வகுத்தவர்கள் சின நாளையும் ஏழைகளின் பேற்றையும் ஒரே காலையில் அருகருகே வைத்திருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த ஞாயிறு வருகிறது. நாம் கேட்ட மறையுரைகள் பெரும்பாலும் முதல் வாசகத்தைத் தொடாமலே மலைப்பொழிவுக்கு ஏறிவிடுகின்றன.