கல்விச் சீரும் பூட்டிய பீரோவும்

முன்னால் மேளம், நடுவில் தட்டேந்திய பெண்கள், பின்னால் வண்டியில் நாற்காலி, மின்விசிறி, பீரோ. ஊர் கூடி அரசுப் பள்ளிக்குக் ‘கல்விச் சீர்’ கொண்டுபோகும் இந்த வழக்கம் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் பரவியிருக்கிறது. எனக்கு இதில் மதிப்பு உண்டு. ஆனால் சீரோடு வரும் புத்தகங்கள் என்ன ஆகின்றன என்று பார்த்தால் வருத்தமும் உண்டு.

இதன் வேர் பழையது. காமராசர் முதலமைச்சராகவும் நெ.து.சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பள்ளிக்கு எது தேவை என்று கணக்கெடுத்து ஊரார் முன் வைத்தார்கள், ஊரார் பொறுப்பேற்றுக்கொண்டார்கள். இன்றைய சீரில் கொடுக்கும் மனம் அப்படியே இருக்கிறது. அந்தக் கணக்கெடுப்புதான் பல இடங்களில் விடுபட்டுப்போயிற்று.

திருவண்ணாமலையை எடுத்துக்கொள்வோம். கொடுத்துப் பழகிய ஊர். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பசியோடு யாரும் நடக்க வேண்டியதில்லை. கார்த்திகை தீபத்துக்கு அன்னதானம் செய்கிறவர் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறை கண்காணிக்கும். சாப்பிடுகிறவருக்குக் கேடு வந்துவிடக் கூடாது என்ற அக்கறைதான் காரணம். பள்ளிக்குப் புத்தகம் கொடுக்கும்போது அந்த அக்கறை நமக்கு வருவதில்லை. வீட்டை ஒழிக்கையில் மிஞ்சிய வினா வங்கி, பாடத்திட்டம் மாறிய பிறகும் கிடக்கும் கைடு, போட்டித் தேர்வுக் கையேடு, யாரோ அச்சடித்து இலவசமாகத் தந்த பிரசுரம் என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்குகின்றன. மூன்றாம் வகுப்புப் பிள்ளை புரட்டிப் பார்க்க அதில் ஒன்றும் இருக்காது. தலைமையாசிரியரால் வேண்டாமென்றும் சொல்ல முடியாது. நாளைக்குச் சுற்றுச்சுவர் இடிந்தால் அதே கொடையாளரிடம்தானே போய் நிற்க வேண்டும்?

அதற்காக வழக்கத்தைத் தள்ளிவிடவும் முடியாது. அரசின் பங்கு இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கான ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்கள் வருகின்றன. வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வகுத்து அழகான சிறு நூல்களைத் தந்தது. ஆனால் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு வகுத்த நூலக மானியம் ஆண்டுக்கு 5,000 ரூபாய் அளவுதான். நல்ல படக்கதைப் புத்தகம் நூறு ரூபாய் என்றால் ஐம்பது புத்தகம். மீதியை ஊர்தான் பார்க்க வேண்டும். பணத்தைவிடப் பெரிய பலன் வேறொன்று. ‘படிக்காத நமக்கு அங்கே என்ன வேலை’ என்று பள்ளி வாசலிலேயே நின்றுவிடும் தாய், தட்டோடு ஒரு முறை உள்ளே வந்துவிட்டால் அடுத்த முறை தயங்க மாட்டார். எந்த மானியத்தாலும் இதை வாங்க முடியாது.

சிக்கல் பீரோவில் இருக்கிறது. கொடுத்த புத்தகம் இருப்புப் பதிவேட்டில் ஏறிய நொடியிலிருந்து பொறுப்பாசிரியர் கணக்குக் காட்ட வேண்டிய பொருளாகிவிடுகிறது. அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் தனி நூலகர் கிடையாது. பாடம் நடத்தி, எமிஸ் எனும் கல்வித் தகவல் தளத்தில் பதிவேற்றி, மற்ற பதிவேடுகளையும் எழுதுகிற அதே ஆசிரியர்தான் நூலகத்தையும் பார்க்க வேண்டும். ஒரு புத்தகம் தொலைந்தால் யார் பதில் சொல்வது? எனவே பூட்டு. அந்த ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 1931இல் வெளியான தம் நூலக அறிவியல் விதிகள் ஐந்தில் முதலாவதாக, நூல்கள் பயன்பாட்டுக்கே என்று வைத்தார் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்களைச் சங்கிலியால் அலமாரியில் பிணைத்து வைத்திருந்ததை எடுத்துக்காட்டித்தான் அந்த விதியை விளக்கினார். நம் பள்ளிகளில் சங்கிலியின் வேலையை இருப்புப் பதிவேட்டின் மீதுள்ள பயம் செய்கிறது.

இந்தப் பயத்தைப் போக்கப் பெற்றோரால் முடியும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். குழுவில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். இந்தக் குழு தன் கூட்டத்தில், ‘ஊர் கொடுத்த நூல்களில் பிள்ளைகள் கையில் கிழிந்ததற்கும் தொலைந்ததற்கும் ஆசிரியர் பொறுப்பல்ல, ஆண்டுதோறும் நாங்களே ஈடு செய்வோம்’ என்று ஒரு தீர்மானம் எழுதினாலே பீரோ திறந்துவிடும். செலவு மிகச் சிறிது. ஆனால் கூட்டங்களில் கழிப்பறை, குடிநீர், வருகைப் பதிவு என்று பேசி முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது.

அடுத்த தேவை ஆள். வாரம் ஒரு மணி நேரம் புத்தகம் கொடுத்து வாங்க ஒருவர் வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களையும், பிழைப்புக்காகப் பெங்களூருவுக்குப் போய்விட்டவர்களையும், ஜவ்வாது மலையிலிருந்து வெளியூர்க் கூலிக்கு இறங்குகிறவர்களையும் ‘ஏன் வரவில்லை’ என்று கேட்பது நியாயமில்லை. 2021இல் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் ஊர்ப் பெண்களைத் தன்னார்வலர்களாக நம்பி இறங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையும் கொடுத்தது. தொகை சிறிதுதான். ஆனாலும் பெண்ணின் நேரத்துக்கு விலை உண்டு என்று ஒப்புக்கொண்டது. சீர் கொண்டுவரும் ஊர், இன்னொரு பீரோ வாங்கும் பணத்தை அப்படி ஒரு பெண்ணுக்கு மாதாமாதம் கொடுத்தால் நூலகம் நடக்கும்.

எழுத்தறியாத பெற்றோருக்கு நூலகத்தில் இடமில்லை என்பதும் தவறான எண்ணம். செய்யாறு பக்கத்துப் புரிசை தெருக்கூத்துக்குப் பேர்போன ஊர். கதை சொல்லத் தெரிந்த பாட்டிகளுக்குத் திருவண்ணாமலை மாவட்டத்தில் பஞ்சமில்லை. அவர்கள் சொல்ல, பிள்ளைகள் எழுத, அந்த நோட்டும் அலமாரியில் சேரலாம். வந்தவாசியில் வாழும் மு.முருகேஷ் 2021இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற நூலின் பெயர் ‘அம்மாவுக்கு மகள் சொன்ன உலகின் முதல் கதை’. புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக விட்டால், அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்கு மகள் வாசித்துக் காட்டுவாள்.

அடுத்த சீருக்குத் தேதி குறிக்கும் முன், என்ன புத்தகம் வேண்டும் என்று நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளையே எழுதச் சொல்ல வேண்டும். பேய்க்கதை கேட்பார்கள், கிரிக்கெட் கேட்பார்கள், பாம்பு பற்றிக் கேட்பார்கள். கொடையாளர் சிலர் முகம் சுளிக்கலாம். மேலாண்மைக் குழுத் தலைவராக இருக்கும் தாய் அந்தப் பட்டியலை அவர்களிடம் நீட்டி, இதில் உள்ளதை மட்டும் கொடுங்கள் என்று கேட்கட்டும்.