முகம் மறைத்தவரின் முகம்

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் 1981இல் வெளியிட்ட ‘தொன்மங்கள்’ என்னும் பத்துத் திரையச்சுப் படங்களுள் ஒன்று கிறிஸ்துமஸ் தாத்தா. கீழ்பென்னாத்தூரில் நாம் கடைக்குக் கொண்டுபோகும் மஞ்சள் பையில் எழுத்துப் பதிக்கும் அதே முறைதான். மேலே வைரத்தூள் எனப்படும் மினுக்குப் பொடி. சிவப்புக் குல்லாய், வெண்தாடி.

இத்தாத்தாவின் மூலம், இன்றைய துருக்கியிலுள்ள மைராவில் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆயர் நிக்கலஸ். மூன்று ஏழைக் குமர்களின் காரியம் நிறைவேற, இரவில் எவரும் அறியாமல் வீட்டுக்குள் பொற்கிழி எறிந்தார் என்பது மரபுக் கதை. முகம் காட்டாமல் ஈந்தவர் அவர்! இங்கோ சூரத் என்னும் உருவம் பளபளக்கிறது. சீரத் என்னும் நடத்தையைக் காணோம். சூப்பர்மேன், மிக்கி மவுஸ், டிராகுலா ஆகியோரோடு அவரைச் சேர்த்த வார்ஹாலைக் குறை சொல்வதற்கில்லை. கடைத்தெரு முன்பே செய்து முடித்ததைத்தான் அவர் அச்சிட்டார். ஆயினும் அந்தப் பொற்கிழியின் சாயலையேனும் படத்தில் தேடினேன்; கிட்டவில்லை.