கட்டைவிரலில் நழுவும் வேகம்

2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 13 வயதுச் சென்னைச் சிறுவர் லிடியன் நாதஸ்வரம் பியானோ முன் உட்கார்ந்தார். எடுத்துக்கொண்டது ரிம்ஸ்கி-கோர்சகோவின் 'ஃப்ளைட் ஆஃப் த பம்பிள்பீ'. மெட்ரோனோம் முதலில் நிமிடத்துக்கு 208 தட்டு, அடுத்து 325. தட்டுக்கு நான்கு ஸ்வரம் என்று கணக்குப் போட்டால், முதல் சுற்றே நொடிக்கு ஏறத்தாழ 14 ஸ்வரம். 'தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்' போட்டியின் 10 லட்சம் டாலர் பரிசு அவருக்கே கிடைத்தது.

அசுர வேகம்தான். ஆனால் ஸ்கேல் வாசிப்பவர்களின் கை நடுங்கும் இடம் வேறு.

மோட்சார்ட் 1788-இல் எழுதிய கே. 545 சொனாட்டாவை எடுத்துக்கொள்வோம். 'கற்கத் தொடங்குவோருக்கு' என்று அவரே குறித்துவைத்த படைப்பு. ஐந்தாவது பாரில் வலது கை ஸ்கேலாக ஏறி இறங்குகிறது. அடுத்தடுத்த பார்களில் ஒவ்வொரு ஸ்வரமாகக் கீழே நகர்ந்து அதே ஏற்ற இறக்கம். 132-இல் வாசித்தாலும் நொடிக்கு 9 ஸ்வரம் தேறாது. இருந்தும் நல்ல கைகளே இங்கே தடுமாறுகின்றன. இடது கையில் மெல்லிய துணை மட்டும் இருப்பதால், ஒரு ஸ்வரம் பிசகினாலும் மறைய இடமில்லை.

பிசகுவது பெரும்பாலும் கட்டைவிரல். ஸி மேஜர் ஸ்கேலில் வலது கை 1, 2, 3 என்று மூன்று கட்டைகள் போனதும், கட்டைவிரல் நடுவிரலுக்கு அடியில் நுழைந்து நான்காவது கட்டையைப் பிடிக்க வேண்டும். அடுத்த முறை இன்னும் சங்கடம்: மோதிரவிரலுக்கு அடியில் நுழைய வேண்டும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ஆண்கள், பெண்கள் என இரண்டு அணிகளுமே 4×100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இறுதிச் சுற்றுக்கு வராமல் வெளியேறியது நினைவிருக்கலாம். கால்களில் குறையில்லை, கடைசிக் கைமாற்றத்தில் பேட்டன் தரையில் விழுந்தது. ஸ்கேலிலும் அதே கதைதான். விரல்கள் ஓடிவிடும், கைமாற்றத்தில் மாட்டிக்கொள்ளும்.

பம்பிள்பீயில் நிறைந்திருப்பது குரோமாட்டிக் ஓட்டம். அதிலும் கட்டைவிரல் ஓயாமல் நுழைகிறது. ஆனால் உயர்ந்து நிற்கும் கறுப்புக் கட்டையில் நடுவிரல் இருக்கும்போது, கீழே தாராளமாக இடம் கிடைக்கிறது. நகரும் தூரமும் ஒரே கட்டை. ஸி மேஜரில் எல்லாம் ஒரே மட்டத்தில் வெள்ளை. பாலத்தின் அடியில் தண்ணீர் போக வழியே இல்லாத மாதிரி.

இதை ஷோப்பான் அன்றே கண்டுகொண்டார். தம் மாணவர்களுக்கு அவர் முதலில் கற்பித்தது பி மேஜர். ஸி மேஜரைக் கடைசிக்குத் தள்ளினார். பி மேஜரில் நீண்ட விரல்கள் ஐந்து கறுப்புக் கட்டைகளில் இயல்பாக அமர, கட்டைவிரலுக்கு இரண்டே வெள்ளைக் கட்டைகள். ஏட்டில் பார்த்தால் ஐந்து ஷார்ப் போட்டுப் பயமுறுத்தும். கைக்கு அதுவே மெத்தை. இன்றும் பல வகுப்புகளில் ஸி மேஜரில்தான் பிள்ளையார் சுழி போடுகிறார்கள். படிக்கச் சுலபம் என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் தெரியவில்லை.

சரி, வேகத்தை எப்படி ஏற்றுவது? மெட்ரோனோமை 60-இல் வைத்து நாளுக்கு இரண்டு இரண்டாகக் கூட்டுவது பழைய வழி. ஓரளவு வரை அது பலிக்கும். பிறகு சுவர் போல ஓரிடத்தில் நின்றுவிடும். காரணம் எளிது. மெதுவாக வாசிக்கும்போது கட்டைவிரல் அடியில் நுழைய நேரமிருக்கிறது. வேகத்தில் அதற்கு நேரமில்லை. கை முழுவதும் பக்கவாட்டில் சட்டென்று நகர்ந்துவிட வேண்டும். இரண்டும் வெவ்வேறு அசைவுகள். முதலாவதை ஆயிரம் தடவை செய்தாலும் இரண்டாவது தானாக வராது.

ஆகவே முதல் மூன்று கட்டைகளை ஒரே அழுத்தாகச் சேர்த்து அடித்து, அடுத்த நான்கின் மேல் கையைத் தாவவிட்டு அதையும் சேர்த்து அடிப்பது ஒரு பயிற்சி. தாவல் பழகியதும் கொத்துகளைப் பிரித்து ஸ்வரங்களாக வாசிக்கலாம். இன்னொன்று, முழு வேகத்தில் ஓடி, கட்டைவிரல் விழும் ஸ்வரத்தில் நின்றுவிடுவது. நான்கே ஸ்வரம், ஆனால் உண்மையான வேகம். சரளி வரிசையை மூன்று காலத்திலும் பாடிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே வேகம் துளித்துளியாக ஏறுவதில்லை, இரட்டிக்கிறது.

மெதுவான சாதகத்துக்கும் இடமுண்டு. ரஹ்மானினாஃப் ஷோப்பானின் தேர்ட்ஸ் எட்யூடை, எந்த இசை என்றே புரியாத அளவு மெதுவாகச் சாதகம் செய்ததைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டதாகப் பியானோ கலைஞர் ஏப்ரம் சேசின்ஸ் எழுதியிருக்கிறார். அந்த நிதானம் காதுக்கானது. ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே எடையில் விழுகிறதா என்பதை வேகத்தில் கேட்க முடியாது.

அந்த நிதானத்துக்குப் பொறுமை இல்லாதவர்கள் கைபேசியை நாடலாம். மோட்சார்ட்டின் அந்த நான்கு பார்களைப் பதிவு செய்து, பாதி வேகத்தில் ஓட்டிக் கேட்டால் போதும். வாசிக்கும்போது முத்துச் சரமாகத் தோன்றிய ஓட்டத்தில், கட்டைவிரல் விழும் இடங்களில் மட்டும் டொக், டொக் என்று ஒரு முட்டல் கேட்கும்.