அந்த இடத்தில் ஏன் சிரித்தார்கள்?

சென்னையில் ஒரு சின்ன அரங்கில் இரண்டு நாள் மாலை கவிதை வாசித்தேன். வாசித்தேன் என்பதைவிட, இரண்டு நாடகங்களுக்கு நடுவே நின்றேன் என்பதுதான் சரி. முதல் நாடகத்தின் கட்டிலையும் அலமாரியையும் நகர்த்திவிட்டு அடுத்ததற்குத் தயாராகப் பதினைந்து நிமிடம் ஆகும். அந்தப் பதினைந்து நிமிடம் எனக்கு.

நடிகர்கள் ஒரு மாதத்துக்கு மேல் ஒத்திகை பார்த்திருந்தார்கள். எதை வாசிப்பது என்று நான் முடிவு செய்ததே மின்சார ரயிலில் வரும்போதுதான். அதில் ஒரு கர்வமும் இருந்தது. நம்மாட்களுக்கு ஒத்திகை என்றாலே இளக்காரம். 1959இல் 'எழுத்து' வந்ததிலிருந்து கவிதை நமக்குக் கண்ணால் படிக்கிற சமாச்சாரம். மேடை என்றால் கவியரங்கம். கவியரங்கம் என்றால் தலைவருக்கு வணக்கம், எதுகை, பாதி வாக்கியத்தை இரண்டு தடவை சொல்லி நிறுத்துவது, மீதியைப் போட்டுக் கைதட்டல் வாங்குவது. அதிலிருந்து தப்பிக்க நாம் கண்டுபிடித்த வழி முணுமுணுப்பு. தாளில் கண்ணைப் புதைத்துக்கொண்டு, எதிரே இருப்பவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல வாசிப்போம். அதற்கு அடக்கம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அதுவும் நடிப்புதான், ஒத்திகை இல்லாத நடிப்பு.

இத்தனைக்கும் 1968இல் தொடங்கிய 'நடை' இதழில் ஞானக்கூத்தனின் கவிதைகளும் வந்தன, ந. முத்துசாமியின் நாடகமும் வந்தது. அப்புறம் முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறையை ஆரம்பித்து, உடம்பும் குரலும் என்ன செய்யும் என்று பார்க்கப் போய்விட்டார். நாம் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டோம்.

சரி, மேடைக்கு வருகிறேன். விளக்கு முகத்தில் விழுந்ததும் எதிரே யாருமே தெரியவில்லை. கையில் இருந்த தாள் வெளிச்சத்தில் வெள்ளையாகக் கூசியது. ஆனால் எதிர்பாராத ஒன்று நடந்திருந்தது. சற்றுமுன் முடிந்த நாடகம் விட்டுப்போன அமைதி அங்கே அப்படியே இருந்தது. புத்தக வெளியீடுகளில் கவிஞனுக்குக் கிடைப்பது செல்போன் சத்தமும் தேநீர்க் கோப்பைச் சத்தமும்தான். இந்த அமைதி நான் சம்பாதித்ததில்லை.

மூன்றாவதாக வாசித்தது அப்பாவைப் பற்றிய கவிதை. என் நண்பர்களுக்குப் பிடித்தது. அதில் இரண்டு வரிகள் இப்படி:

அப்பா இறந்துவிட்டார்
என்றவர்களை அம்மா உள்ளே விடவில்லை

தாளில் இந்த இடம் நன்றாக வேலை செய்யும். முதல் வரி செய்தி, இரண்டாவது வரி அதற்கு மறுப்பு. கண் ஒரு நொடியில் தாண்டிவிடும். மேடையில் "அப்பா இறந்துவிட்டார்" என்று சொல்லி நிறுத்தினேன். இருட்டுக்குள் யாரோ "ச்சு" கொட்டினார்கள். அடுத்த வரியைச் சொன்னேன். சிரித்துவிட்டார்கள்! கேலியெல்லாம் இல்லை, ஒரு ஜோக் சரியாக வந்து விழுந்ததற்கான சிரிப்பு. மீதிக் கவிதையை எப்படி முடித்தேன் என்று ஞாபகம் இல்லை.

பின்னறையில், முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு நடிகையிடம் கேட்டேன். "நீங்கதான் சார் சிரிக்க வெச்சீங்க. அந்த இடத்துல நிறுத்திட்டு எங்களைப் பார்த்தீங்க. ஏதோ வரப்போகுதுன்னு காத்திருந்தோம்" என்றார்.

ராத்திரி பூராவும் அது குடைந்தது. பாதி வாக்கியம், இடைவெளி, பிறகு திருப்பம். கவியரங்கத்தில் நான் வெறுத்த அதே வித்தைதான் இது. மைக் இல்லாமல், எதுகை இல்லாமல், வரியை உடைக்கும் இடத்தில் ஒளிந்துகொண்டிருந்தது. நண்பர்கள் பாராட்டியதும் அதைத்தானோ? இன்று இணையத்தில் நாம் பகிர்ந்துகொள்ளும் கவிதைகளில் எத்தனை இப்படி முதல் வரியில் தூண்டில் போட்டு இரண்டாவதில் இழுப்பவை என்று எண்ணிப் பார்த்தேன். என்னுடையவற்றிலேயே ஏழு தேறின. குரல் கவிதையைக் கெடுக்கிறது என்பது நமது பழைய புகார். எனக்கு நடந்தது வேறு. தாள் மூடி வைத்திருந்ததைக் குரல் திறந்துவிட்டது.

மறுநாள் அதே கவிதை. இம்முறை மதியமே போய், காலி நாற்காலிகளுக்கு முன் நான்கு தடவை சொல்லிப் பார்த்தேன். அந்த இரண்டு வரிகளை நிறுத்தாமல் ஒரே மூச்சில், பக்கத்து வீட்டுச் சேதிபோலச் சொன்னேன். மாலையில் யாரும் சிரிக்கவில்லை. "ச்சு" கொட்டவும் இல்லை. அம்மா கதவைச் சாத்தும் கடைசிப் பத்தி வந்தபோது முன்வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது, அவ்வளவுதான். அந்த நடிகை திரைக்குப் பின்னால் கட்டிலின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு நின்றார். "இன்னிக்கு அம்மா தெரிஞ்சாங்க" என்று சொல்லிவிட்டு, கட்டிலோடு மேடைக்குள் போய்விட்டார்.

தொகுப்பு அச்சுக்குப் போக வேண்டும். அந்த இரண்டு வரிகளையும் ஒரே வரியாக்கிப் பார்த்தேன். பக்கத்தில் சப்பென்று கிடக்கிறது. மறுபடி உடைத்தேன். இப்போதைக்கு உடைந்தேதான் இருக்கிறது.