நார்டிக் என்பது ஒப்பந்தத்தின் பெயர்

மக்கள்நலத் திட்டம், பள்ளிக்கல்வி, தொழிலாளர் உரிமை என்று எதைப் பற்றிப் பேச்சு எழுந்தாலும் ‘நார்டிக் நாடுகளைப் பாருங்கள்’ என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். டென்மார்க், நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து என்ற ஐந்தையும் ஒரே மூச்சில் சொல்லும் இந்த வழக்கம் எவ்வளவு தூரம் சரி? அந்த நாடுகள் தமக்குள் கூடிப் பேசி, எழுதிக் கையெழுத்திட்ட ஏற்பாடுகளைக் குறிக்கும்போது இந்தப் பெயர் நம்பத்தக்கது. அங்குள்ள மக்களின் ரத்தத்தையோ பிறவிக் குணத்தையோ அது குறிப்பதாக எடுத்துக்கொண்டால் பிழையில்தான் முடியும். அந்தப் பிழைக்கு மனிதர்கள் விலை கொடுத்ததும் உண்டு.

சொல்லின் வேர் ‘வடக்கு’ என்பதுதான். ஆனால் வடக்கில் இருப்பது மட்டுமே இந்த ஐந்தையும் சேர்த்துவிடவில்லை. மொழியும் சேர்க்கவில்லை. டேனிஷ், நார்வீஜியன், ஸ்வீடிஷ், ஐஸ்லாண்டிக் நான்கும் ஜெர்மானியக் குடும்பம். பின்னிஷ் மொழியோ எஸ்தோனியத்துக்கு உறவு. ஸ்காண்டிநேவியா என்று கறாராகச் சொன்னால் டென்மார்க், நார்வே, ஸ்வீடன் மூன்றோடு நின்றுவிடும். பின்லாந்தின் கதை இங்கே நிறையச் சொல்கிறது. 1809 வரை ஸ்வீடனின் ஆளுகையிலும் பிறகு 1917 வரை ரஷ்யப் பேரரசிலும் இருந்த நாடு அது. இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் அதைப் பால்டிக் நாடுகளோடு சேர்த்துப் பேசியவர்கள் பலர். 1939இல் ஜெர்மனியும் சோவியத் ஒன்றியமும் செய்துகொண்ட ரகசிய உடன்பாடு பின்லாந்தை எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியாவுடன் ஒரே வரிசையில் வைத்தது. அதே பின்லாந்து 1955இல் நார்டிக் கவுன்சிலில் சேர்ந்தது. அதன் நிலமோ மொழியோ இடையில் மாறிவிடவில்லை. எந்தப் பக்கம் நிற்பது என்று அது எடுத்த முடிவே அதை நார்டிக் நாடாக்கியது.

அந்த முடிவுகளால் விளைந்த நன்மை பெரிது. 1952இல் நார்டிக் கவுன்சில் அமைந்தது. கடவுச்சீட்டு இல்லாமல் எல்லை கடக்கும் உரிமை வந்தது. 1954இல் பொதுத் தொழிலாளர் சந்தை, 1955இல் சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை, 1962இல் ஹெல்சிங்கி ஒப்பந்தம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டினார்கள். இன்று யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஓஸ்லோவில் குடியேறி, நார்வே குடியுரிமை பெற்ற ஒரு பெண் ஸ்டாக்ஹோமுக்குப் போய்த் தங்கி வேலை பார்க்க வசிப்பிட அனுமதியோ வேலை அனுமதியோ கேட்க வேண்டியதில்லை. ஸ்வீடன் சட்டத்தின் கண்ணில் அவர் நார்டிக் குடிமகள். அவருடைய நிறமும் தாய்மொழியும் அங்கே கேள்வியாவதே இல்லை. இந்தச் சொல்லுக்கு இதைவிட மதிப்பான பயன் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அதே சொல்லை உடலின் மேல் ஒட்டியவர்களும் இருந்தார்கள். 1900ஆம் ஆண்டை ஒட்டி பிரெஞ்சு மானிடவியலாளர் ஜோசப் தெனிக்கர் ‘நார்டிக் இனம்’ என்ற வகைப்பாட்டை முன்வைத்தார். 1916இல் அமெரிக்கரான மேடிசன் கிராண்ட் அதை உயர்ந்த இனமாக்கி ஒரு நூல் எழுதினார். 1924இன் அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்துக்குப் பின்னால் அந்தக் கருத்தின் செல்வாக்கு இருந்தது. பிறகு நாஜிகள் அதைக் கையில் எடுத்ததை எல்லோரும் அறிவார்கள். வெளியாட்களின் குற்றம் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 1922இல் ஸ்வீடன் அரசே உப்சாலாவில் இன உயிரியல் நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. ஹெர்மன் லுண்ட்போரி தலைமையில் அதன் ஆட்கள் வடக்கே சாமி மக்களின் மண்டையோட்டை அளந்தார்கள், நிர்வாணமாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். அந்த மண்ணின் பழங்குடிகளே அங்கே தாழ்ந்தவர்களாக எண்ணப்பட்டார்கள். 1930களில் தொடங்கி 1975 வரை நீடித்த கருத்தடைச் சட்டங்களின்கீழ் ஸ்வீடனில் சுமார் 63,000 பேருக்கு அறுவை செய்யப்பட்டது. மிகப் பெரும்பாலோர் பெண்கள். வற்புறுத்தலுக்குப் பணிந்தவர்கள் பலர். மக்கள்நல அரசு வளர்ந்த அதே ஆண்டுகள் அவை.

இன்று அந்த இனப் பேச்சு ஒதுங்கிவிட்டது. ஆனால் ‘நார்டிக் மாடல்’ என்று சொல்லும்போது பழைய பிழையின் மெல்லிய வடிவம் மீண்டும் நுழைகிறது. பாலியல் சேவையை வாங்குவோரை மட்டும் தண்டிக்கும் சட்டம் 1999இல் ஸ்வீடனில் வந்தது. நார்வேயும் ஐஸ்லாந்தும் 2009இல் அதைப் பின்பற்றின. டென்மார்க் அதை ஏற்கவேயில்லை. ஆனாலும் உலகம் முழுக்க அதற்குப் பெயர் நார்டிக் மாடல். பரம்பரைச் சொத்து வரியை எடுத்துக்கொள்ளுங்கள்: ஸ்வீடனும் நார்வேயும் ஒழித்துவிட்டன, டென்மார்க்கும் பின்லாந்தும் வைத்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் மூன்று நாடுகள் உள்ளே, இரண்டு வெளியே. யூரோ நாணயம் பின்லாந்தில் மட்டும்.

எந்தக் கூட்டுப்பெயரும் வேறுபாடுகளை மறைக்கத்தானே செய்யும், இதை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஐந்துக்கும் உண்மையிலேயே பொதுவானவை இருக்கின்றன. குறைந்தபட்சக் கூலியைச் சட்டத்தால் நிர்ணயிக்கும் வழக்கம் ஐந்தில் எந்த நாட்டிலும் இல்லை. தொழிற்சங்கமும் முதலாளிகள் சங்கமும் துறைவாரியாகப் பேசிக் கூலியை முடிவுசெய்கின்றன. இதை ‘நார்டிக் முறை’ என்றால் எனக்கு மறுப்பில்லை, ஏனென்றால் எதைச் சொல்கிறோம் என்பது தெளிவு, சரிபார்க்கவும் முடியும். பனிச்சறுக்கிலும் அப்படித்தான்: குதிகால் பலகையோடு பூட்டப்படாத வகைக்கு நார்டிக் என்று பெயர், யாருக்கும் குழப்பமில்லை. ‘அவர்கள் நார்டிக்காரர்கள், அதனால் நேர்மையானவர்கள்’ என்னும் போதுதான் சிக்கல். கூலிப் பேச்சுவார்த்தையைப் பார்த்துப் பழகலாம். பிறவிக் குணத்தை யார் எப்படிக் கற்பது?

இந்தப் பெயரை அளவுக்கு மீறி நம்பியதன் விளைவு தமிழர் வரலாற்றிலும் பதிந்திருக்கிறது. 2002 பிப்ரவரியில் இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் ஏற்ற போர்நிறுத்த உடன்படிக்கை, கண்காணிப்புக் குழுவில் நார்டிக் நாட்டினரே இருப்பார்கள் என்று சொன்னது. ஐந்து நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவற்றில் மூன்று ஐரோப்பிய ஒன்றிய உறுப்பினர்கள் என்பது அன்றைக்கே கண்முன் இருந்த செய்தி. 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. இனி ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்துக் கண்காணிப்பாளர்களை நடுநிலையாளர்களாக ஏற்க முடியாது என்று புலிகள் சொல்ல, செப்டம்பர் தொடங்கும் முன் அவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. மிஞ்சியவை நார்வேயும் ஐஸ்லாந்தும். கிழக்கிலங்கையின் மாவிலாற்றில் தொடங்கி சண்டை மீண்டும் மூண்ட அதே வாரங்கள் அவை. 2008 ஜனவரியில் குழுவே முடிவுக்கு வந்தது. ஒரு நாடு விலக நேர்ந்தால் அதன் இடத்தில் யார் என்று உடன்படிக்கையில் ஒரு வரி இருந்திருந்தால் போர் நின்றிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கண்காணிப்பாளர்கள் மிக அதிகமாகத் தேவைப்பட்ட நேரத்தில் அவர்களின் எண்ணிக்கை அப்படிச் சரிந்திருக்காது.